காக்கா முதல் பருந்து வரை: கோழிக்கூட்டையும் மாட்டுக்கொட்டகையையும் காக்கும் வழி

போன சித்திரையில் என் சிறுவிடைக் கோழி ஒன்று பதினோரு குஞ்சு பொரித்தது. ஒன்பதாவது நாள் எண்ணிப் பார்த்தால் நான்குதான். கீரிதான் என்று முடிவுகட்டி இரண்டு ராத்திரி டார்ச் லைட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, பல் குச்சியோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். இரண்டு காக்கா. ஒன்று தாய்க்கோழிக்கு முன்னால் இறங்கி நடந்து நடந்து சீண்டியது. கோழி இறக்கையை விரித்துக்கொண்டு அதைத் துரத்தியது. அந்த நொடியில் மற்றொன்று பின்பக்கம் இறங்கி ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் போய்விட்டது. பகல் கொள்ளை என்றால் இதுதான்.

அதன் பிறகு நான் செய்யாத கூத்து இல்லை. சிடி கட்டினேன், பொம்மை நட்டேன், வெடி போட்டேன். எல்லாம் ஒரு வாரம். கடைசியில் எது கேட்டது என்றால், தீனியை மூடியதும் ஓட்டையை அடைத்ததும்தான். அதனால் இங்கே வரிசையும் அப்படியே வைத்திருக்கிறேன். முதலில் தீனி, அப்புறம் முட்டை, குஞ்சு, வலை, கொட்டகை. விரட்டுகிற வேலை கடைசி. பலரும் கடைசியில் ஆரம்பித்துக் காசைத் தொலைக்கிறார்கள், என்னைப் போல.

வருவது யார் என்று முதலில் பாருங்கள்

இரண்டு நாள் ஒதுக்குங்கள். விடிந்த முதல் ஒரு மணி நேரம், காலை பத்து பதினொன்று, மாலை நாலரைக்கு மேல் என்று மூன்று வேளை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பறவைக்கும் மருந்து வேறு. புறாவுக்குக் கட்டிய வலையில் சிட்டுக்குருவி சிரித்துக்கொண்டே நுழைந்துவிடும்.

தடயங்கள் உண்டு. குஞ்சு பகலில் சத்தமில்லாமல் காணாமல் போனால் காக்கா, பருந்து, வல்லூறு இவற்றில் ஒன்று. பிடுங்கிய இறகு ஒரே இடத்தில் குவியலாகக் கிடந்தால் பெரும்பாலும் வல்லூறு. அது அங்கேயே உட்கார்ந்து பிய்த்துத் தின்னும் பழக்கம் உள்ளது. இரவில் போனால் பறவையை விட்டுவிட்டுக் கீரி, பூனை, மரநாய், பாம்பு பக்கம் தேடுங்கள்.

முட்டை ஓடு கூட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி மேலோ மரத்தடியிலோ ஒரு பக்கம் ஓட்டையாகக் கிடந்தால் காக்கா. புதர் ஓரத்தில் செம்போத்தும் இதே வேலையைச் செய்யும்; தோப்பு பக்கம் வால்காக்கையும் உண்டு. ஓடுகூட இல்லாமல் போனால் பாம்பு. ஓடு கூட்டுக்குள்ளேயே நொறுங்கி, வைக்கோலில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் வருத்தமான செய்தி: தின்பது உங்கள் கோழியேதான்.

தீனித்தொட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறது, ஓட்டு இடுக்கில் வைக்கோல் தொங்குகிறது என்றால் மைனாவும் சிட்டுக்குருவியும். உத்திரத்துக்குக் கீழே கோடுபோட்ட மாதிரி எச்சம் என்றால் புறா.

தீனியை மூடுங்கள்

இதைச் செய்யாமல் வலை வாங்கப் போகாதீர்கள். நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் தவிடும் கம்பும் சுற்றுவட்டாரத்துக்கே பந்தி விரித்த மாதிரி.

தரையில் இறைப்பதை நிறுத்துங்கள். அது பழகிய வழக்கம். கோழி கிளறித் தின்பதைப் பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் இறைத்ததில் ஒரு பங்கு மைனாவுக்கும் தவிட்டுக்குருவிக்கும்தான் போகும். காலை ஒரு முறை, மாலை அடையும் முன் ஒரு முறை என்று நேரம் வைத்து, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் வையுங்கள். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். மேய்ச்சலுக்குப் போகிற நாட்டுக்கோழிக்கு இது போதும். கூண்டிலேயே வளர்கிற கோழிக்கும், வளரும் குஞ்சுக்கும் நாள் முழுக்கத் தீனி வேண்டும்; அவற்றுக்குத் தொட்டியை வலைக்குள்ளே தொங்கவிடுங்கள். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் கோழி கிளறிச் சிந்தாது.

மிதிபலகைத் தொட்டி என்று ஒன்று இருக்கிறது. கோழி பலகையில் ஏறி நின்றால் அதன் எடைக்கு மூடி திறக்கும். மைனாவின் எடைக்குத் திறக்காது. தச்சரிடம் சொன்னால் செய்து கொடுப்பார். கோழி பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை மூடியைப் பாதி திறந்து கல் முட்டுக்கொடுங்கள். சிறுவிடைக் கோழி எடை குறைவு என்பதால் பலகையை அதற்கேற்ப இலகுவாக வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. வெயில் காலத்தில் காக்கா ரொட்டித் துண்டையும் செத்த எலியையும் கொண்டுவந்து நனைத்துத் தின்பது கோழித் தண்ணீரில்தான். குழாயில் பொருத்தும், கோழி அலகால் தட்டினால் மட்டும் சொட்டும் நிப்பிள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா தினமும் காக்காவுக்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டார். வைத்த இடம் கோழிக்கூட்டை ஒட்டிய மதில். முன்னோர்களை நிறுத்தச் சொல்ல முடியாது, சரி, இடத்தை மாற்றலாமே என்று கேட்டேன். இப்போது வீட்டின் முன்பக்க மாடிச் சுவரில் வைக்கிறார். கூட்டுப் பக்கம் காக்கா வந்து காத்திருப்பது அதிலேயே பாதி குறைந்தது.

முட்டை

கோழி பெரும்பாலும் விடிந்ததிலிருந்து மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும். காலை ஒன்பதுக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை எடுத்தால் திருட ஒன்றும் இருக்காது. முட்டைக்கூடையைக் கூட்டின் இருட்டான மூலையில் வைத்து, வாய்ப்பக்கம் சாக்குத் துணியைக் கீற்றுகளாகக் கிழித்துத் தொங்கவிடுங்கள். கோழிக்கு மறைவு பிடிக்கும். காக்காவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் தலையை விடப் பயம்.

முட்டையில் மிளகாய்த்தூளை அடைத்து வை என்று ஊரில் யாராவது சொல்வார்கள். வீண். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. கிளி பழுத்த மிளகாயைத் தின்பதைப் பார்த்ததில்லையா?

குஞ்சு: அதிகம் மெனக்கெட வேண்டிய இடம்

காக்கா கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பது நம் பக்கம் பெரும்பாலும் கோடையில். அதற்கும் வாயில் ஊட்ட வேண்டிய பிள்ளைகள் இருக்கும். நாம் கோடையில் அடை வைத்தால் இரண்டும் நேருக்கு நேர் மோதும். எனக்கு நடந்தது அதுதான். முடிந்தால் கார்த்திகை முதல் தை வரை பொரிக்கிற மாதிரி அடை வையுங்கள்.

பொரித்த குஞ்சை முதல் மூன்று வாரம் வெட்டவெளியில் விடவே விடாதீர்கள். கவிழ்த்து வைக்கும் பஞ்சாரக் கூடை இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய மூங்கில் பஞ்சாரத்தில் இடைவெளி பெரியது. குஞ்சு வெளியே தலையை நீட்டும், காக்கா காத்திருந்து கொத்தும். அடிப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு அரை இஞ்சு கண் உள்ள வலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் அந்தக் கவலை விட்டது.

இரண்டு மூன்று கோழி அடை வைப்பவர்கள் ஒரு நடமாடும் கூண்டு செய்துகொள்ளலாம். ஆறு அடி நீளம், நான்கு அடி அகலம், இரண்டு அடி உயரம். சவுக்குக் கம்பிலோ இரும்பு ஆங்கிளிலோ சட்டம். நான்கு பக்கமும் மேலேயும் அரை இஞ்சு வலை. அடியில் வலை வேண்டாம். தாய் கிளறிக் கொடுக்க மண் வேண்டும். மேல்பக்கம் பாதியைத் தென்னங்கீற்றால் மூடினால் நிழலும் ஆச்சு, மேலே பறக்கிற பருந்துக்குக் குஞ்சு தெரியாமலும் ஆச்சு. தினம் காலை இரண்டு பேர் தூக்கிப் புது இடத்தில் வைத்தால் புல், பூச்சி எல்லாம் கிடைக்கும். எச்சமும் ஒரே இடத்தில் சேராது.

ஒரு மாதம் தாண்டிய குஞ்சைக் காக்காவால் தூக்க முடியாது. பருந்துக்கும் வல்லூறுக்கும் இரண்டு மாதம் வரை பயம் வேண்டும். அந்த வயதில் வெளியே விடும்போது ஒதுங்க இடம் கொடுங்கள்: செடி, கவிழ்த்த கூடை, தாழ்வான கீற்றுப் பந்தல், எதுவானாலும். தாய்க்கோழி எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிய நாலு எட்டில் ஓர் இடம் இருந்தால் வல்லூறு வெறுங்காலோடு போகும். பெருவிடை, சிறுவிடைத் தாய்க்கோழிகள் இதில் கெட்டி. இன்குபேட்டரில் பொரித்த தாயில்லாக் குஞ்சுக்கு இந்தப் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. அதை இன்னும் ஒரு மாதம் கூடுதலாக அடைத்து வளர்க்க வேண்டியதுதான்.

வலை: எந்த அளவு, எங்கே

கடையில் போய்க் கோழிவலை கொடுங்கள் என்றால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைக் கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வருபவனை நிறுத்தாது. நாயும் கீரியும் பிய்த்துவிடும், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பொடியாகும். நான் முதல் முறை அதைத்தான் வாங்கினேன். விற்றவர் பத்து வருஷம் உழைக்கும் என்றார். இரண்டாவது வருஷம் கையால் தொட்டால் உதிர்ந்தது.

வெல்டு மெஷ் வாங்குங்கள், அதாவது கம்பிகளைச் சதுரக் கண்ணாகப் பற்றவைத்த வலை, துத்தநாகப் பூச்சு உள்ளது. கண் அளவுக்கு இதை நினைவில் வையுங்கள்: புறாவை நிறுத்த இரண்டு இஞ்சு போதும். மைனாவை நிறுத்த ஒரு இஞ்சு. சிட்டுக்குருவியை நிறுத்த முக்கால் இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை எல்லாக் கூட்டுக்கும் அரை இஞ்சுதான். காரணம் பறவை மட்டும் இல்லை. எலியும் பாம்பும் அந்த உயரத்தில்தான் வரும். பெரிய கண் வழியாகக் காக்கா அலகை விட்டுக் குஞ்சைப் பிடித்து இழுப்பதும் அந்த உயரத்தில்தான். இந்த அரை இஞ்சு வலையை மண்ணுக்குள் அரை அடி இறக்கி, வெளிப்பக்கம் மடக்கிப் புதைத்தால் தோண்டுகிற பிராணிகளுக்கும் வழி இல்லை.

தகரம் அடித்து மூடிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சித்திரை வெயிலில் காற்று போகாத கூட்டில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியே சாகும். வலை என்றால் காற்று போகும், பறவை போகாது.

அடுத்து இடுக்குகள். சிமெண்ட் ஷீட்டும் தகரமும் சுவரில் உட்காரும் இடத்தில் அலை அலையாக ஓட்டை இருக்கும். சிட்டுக்கும் மைனாவுக்கும் அது கட்டிக்கொடுத்த வீடு. வலைத் துண்டை உருட்டித் திணித்துக் கட்டுக்கம்பியால் முடுக்குங்கள். இல்லையென்றால் தேங்காய் நாரைச் சிமெண்ட் பாலில் தோய்த்து அடையுங்கள். அடைக்கும் முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குஞ்சு இருக்கும்போது அடைத்தால் உள்ளேயே செத்து நாறும், புழு வைக்கும், தாய் பாவமாகக் கத்திக்கொண்டு சுற்றும். சிட்டுக்குருவி முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்துபோக ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை பொறுத்து, பறந்த மறுநாள் அடையுங்கள்.

கோழி போய்வரும் சிறிய வாசல் மிச்சம். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி, ஒன்றோடொன்று கொஞ்சம் மேலேறும்படி தொங்கவிடுங்கள். கோழி இரண்டு நாளில் தலையால் தள்ளிக்கொண்டு போகப் பழகிவிடும். மைனா பழகினதை நான் இன்னும் பார்க்கவில்லை.

திறந்த முற்றத்துக்கு மேலே முழுக்க வலை கட்டுவது செலவு. அங்கே தூண்டில் நரம்பு உதவும். ஏழெட்டு அடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக இணையாக இழுத்துக் கட்டி, குறுக்கேயும் நாலைந்து ஓட்டுங்கள். இறங்கும்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்று இறக்கையில் தட்டுவது காக்காவுக்கும் பருந்துக்கும் பிடிக்காது. அங்கங்கே வெள்ளைத் துணி நாடாவைக் கட்டிவிடுங்கள். வேகமாக வருகிற பறவை மோதி அடிபட வேண்டாம். சிட்டுக்குருவிக்கு இந்த வித்தை செல்லாது.

மாட்டுக்கொட்டகை

இங்கே பெரிய தலைவலி புறா. உத்திரத்தில் உட்கார்ந்து எச்சமிட்டால் அது விழுவது தீவனத் தொட்டியிலும் வைக்கோலிலும். மாடு முகர்ந்துவிட்டு விலகும். புறா வருஷம் முழுக்க இரண்டிரண்டாக முட்டையிடும், பதினேழு பதினெட்டு நாளில் பொரிக்கும். ஒரு ஜோடியை விட்டுவைத்தால் அடுத்த வருஷம் ஒரு கூட்டம்.

உட்கார முடியாமல் செய்வதுதான் வழி. உத்திரத்தின் மேல்விளிம்பில் தகரத்தையோ பலகையையோ சரிவாக அடியுங்கள். வீட்டுக் கூரை மாதிரி நல்ல சரிவு இருந்தால் புறாவின் கால் வழுக்கும். உத்திரம் நிறைய இருந்தால், அவற்றுக்குக் கீழே இரண்டு இஞ்சு நைலான் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டிவிடலாம். தொங்கலாகக் கட்டினால் பறவை சிக்கித் தொங்கும். எடுத்துவிடுவது உங்கள் வேலையாகிவிடும். கூடு கட்ட நாலு குச்சி வைத்த அன்றே எடுத்துப் போடுங்கள். முட்டை வந்த பிறகு மனசு கேட்காது.

பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மூடியுள்ள டிரம்மில் இருக்கட்டும். மாட்டின் கழுத்திலோ முதுகிலோ புண் இருந்தால் காக்கா அதைக் கொத்திப் பெரிதாக்கும். புண் ஆறும்வரை வேப்பெண்ணெய் தடவி, மேய்ச்சலில் ஆள் இருப்பது நல்லது. உண்ணிக்கொக்கை மட்டும் விரட்டாதீர்கள். அது மாட்டைச் சுற்றிப் பூச்சி பிடித்துவிட்டுப் போய்விடும்.

விரட்டும் சாமான்கள்

சிடி, பளபளக்கும் நாடா, பழைய கேசட் டேப், பொம்மை ஆந்தை எல்லாம் ஒரு வாரம் பத்து நாள் வேலை செய்யும். குஞ்சு பொரித்த முதல் வாரம் மாதிரி அவசரத்துக்குப் பயன்படுத்தி, இரண்டு நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றி, தேவை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் தொங்கினால் காக்கா அதன் மேலேயே உட்காரும்.

கருப்புப் பாலிதீன் பையில் வைக்கோல் அடைத்துச் செத்த காக்கா மாதிரி தலைகீழாகக் கட்டினால் காக்காக் கூட்டம் வந்து கத்தித் தீர்த்துவிட்டுச் சில நாள் அந்தப் பக்கம் வராது. நிஜமாகச் செத்த காக்காவைக் கட்ட வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிப் பறவையை விரட்டும் கருவி என்று விற்கிறார்கள். நமக்குக் கேட்காத அந்த ஒலி பறவைக்கும் கேட்காது. காசு மிச்சம்.

கின்னிக்கோழி நாலு வளர்த்தால் பருந்து நிழல் பட்டதுமே ஊரைக் கூட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அது பருந்துக்கு மட்டும் கத்தாது. சம்பளமில்லாத காவல்காரன் ஒருவனும் உண்டு: இரட்டைவால் குருவி. பக்கத்துப் பனையிலோ வேம்பிலோ அது கூடு வைத்திருந்தால் தன்னைப்போல் பல மடங்கு பெரிய காக்காவையும் பருந்தையும் தலையில் கொத்தித் துரத்தும். அந்த மரத்துக் கிளையை அந்தப் பருவத்தில் வெட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

விஷம் வைக்காதீர்கள். பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்து கலந்த அரிசியைக் காக்கா மட்டும் தின்னாது. உங்கள் கோழி, பக்கத்துத் தோட்டத்து நாய், மயில் எல்லாம் தின்னும். மயில் 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பருந்து, வல்லூறுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. காக்காவை அழிக்கத்தக்க உயிரினம் என்று வைத்திருந்த பழைய பட்டியலையும் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். கண்ணி, பசை, கவண் எதுவும் வேண்டாம்.

நோய், எச்சம், செத்த பறவை

காட்டுப் பறவையால் வரும் பெரிய நஷ்டம் தீனி இல்லை, நோய். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் புறாவின் வழியாகவும் வரும். மைனாவும் சிட்டும் கூடு கட்டினால் செள்ளும் பேனும் அங்கிருந்து கோழிக்கு இறங்கும். கூட்டைப் பிரித்ததும் அந்த வைக்கோலை எரித்துவிடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை விடாதீர்கள். முதல் வாரத்தில் ஒரு சொட்டு மருந்து, நாலாவது வாரம் இன்னொன்று, இரண்டு மாத வாக்கில் ஊசி என்பது நாட்டுக்கோழிக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த புறா எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் பூஞ்சை இருக்கும். மூக்கு வாயை மூடிக்கொண்டு, முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுங்கள். எச்சக் குவியல் மேல் நேராகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் கண் எரியும் வாயு வரும். வழித்துக் கழுவிய பிறகு போடுங்கள்.

2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்காக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன, பறவைக் காய்ச்சல். அதே சமயம் கேரளத்தில் கோட்டயம், ஆலப்புழை வாத்துப் பண்ணைகளிலும் வந்தது. அதனால் இரண்டு மூன்று காக்காவோ புறாவோ ஒரே நாளில் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கோழியை உள்ளே அடைத்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். ஒன்றே ஒன்று செத்திருந்தாலும் கையில் பையை மாட்டி எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

வலை கட்டியாச்சு என்று விட்டுவிட முடியாது. எங்கள் பக்கம் ஆடிக் காற்று ஒரு மாதம் விடாமல் அடிக்கும். கட்டுக்கம்பி தளரும், மூலையில் வலை பிரியும், நரம்பு அறும். ஆனி கடைசியில் ஒரு சுற்று, ஆடி முடிந்ததும் ஒரு சுற்று, கையில் கட்டிங் பிளேயரோடு நடந்து பாருங்கள். எந்த மூலை பிரிந்திருக்கிறது என்று தெரியவில்லையென்றால் மைனாவைக் கவனியுங்கள், அது உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கும்.